பட்டா இருக்கா?

அந்த அக்காவின் மஞ்சப்பைக்குள் என்னென்ன இருந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார். வீட்டு வரி கட்டிய ரசீதுகள் ஒரு கட்டு, பழையது அடியில், புதியது மேலே, ரப்பர் பேண்ட் போட்டு. மகளின் பள்ளிச் சான்றிதழ். அப்புறம், சிலோனில் இருந்து கப்பலேறி வந்த அவருடைய அப்பா மண்டபம் முகாமில் வாங்கிய அட்டை, மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியது. அப்பாவின் அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே விலாசம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில், தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே, இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீடு. வரி வாங்குகிறவர்களுக்கு அந்த வீடு தெரியும். ஓட்டு கேட்டு வருகிறவர்களுக்குத் தெரியும். அரிசி போடுகிறவர்களுக்கும் தெரியும். கரண்ட் கேட்டுப் போன ஜன்னலுக்கு மட்டும் தெரியவில்லை.

“பட்டா இருக்காம்மா?”

“இல்லிங்க சார்.”

“அப்ப முடியாதும்மா.”

மொத்தமே அரை நிமிஷம். நான் வக்கீல் இல்லை. கூடலூர்ப் பக்கம் நாலு பேருக்கு மனு எழுதித் தருகிறவன். துணைக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரும் மோசமான ஆள் இல்லை. டீ குடிக்க வெளியே வந்தபோது எங்களைப் பார்த்து நின்று, “மேல இருந்து ஆர்டர் வரணும்ண்ணே, நான் என்ன பண்றது” என்றார்.

மனித உரிமை என்றால் நமக்கு லாக்கப் ஞாபகம் வரும், போலீஸ் அடி ஞாபகம் வரும். டிசம்பர் 10 அன்று ஆபீஸ்களில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள், அதுவும் வரும். அந்த ஜன்னலில் நடந்த அரை நிமிஷ உரையாடலை மனித உரிமைப் பிரச்சினை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணக்கில் அது முழுக்க முழுக்க அதுதான்.

1993-ல் வந்த மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மனித உரிமை என்றால் என்ன என்று ஒரே மூச்சில் சொல்கிறது: அரசியலமைப்பு உறுதி தந்த, அல்லது பன்னாட்டு உடன்படிக்கைகளில் இருந்து இந்திய நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடிய, உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் சம்பந்தப்பட்ட உரிமைகள். இதில் ‘உயிர்’ என்ற சொல்தான் பெரிய வேலை செய்கிறது. அரசியலமைப்பின் 21-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். சட்டம் வகுத்த முறைப்படி அன்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்பதோடு முடிந்துவிடும். 1978-ல் மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அந்த வாக்கியத்தை இழுத்து விரித்துக்கொண்டே வந்தது. மூச்சு ஓடுவது மட்டும் உயிர் இல்லை, மனுசனாக வாழ்வதுதான் உயிர் என்பது அதன் சாரம். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், பிழைப்பும் உயிருக்குள் அடங்கும் என்றது. 1995 இறுதியில் சமேலி சிங் வழக்கில், குடியிருக்கும் உரிமைக்குள் என்னென்ன வரும் என்று ஒரு பட்டியலே போட்டது: போதுமான இடம், வெளிச்சம், காற்று, தண்ணீர், மின்சாரம், கழிப்பிட வசதி, சாலை. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களுக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்தபோது, நிலத்துக்காரர்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. அவர்கள் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பில்தான் மின்சாரம் என்ற சொல் இருக்கிறது.

தமிழில் ஒரு சங்கடம் உண்டு. ‘உரிமையாளர்’ என்றால் சொத்துக்காரர். உரிமை என்ற சொல்லே நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நிலம் இல்லாதவனுக்கு என்ன உரிமை என்று கேட்பது நம் பேச்சில் இயல்பாக வந்துவிடும். ஆனால் மனித உரிமையில் முன்னால் நிற்பது மனிதன். அவன் பேரில் என்ன இருக்கிறது என்பது அப்புறம்தான். இதைச் சட்டம் எழுதியவர்களும் சில இடங்களில் கவனமாகவே எழுதியிருக்கிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அல்லது அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மின் இணைப்பு தர வேண்டும். தராவிட்டால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். ‘அல்லது குடியிருப்பவர்’ என்ற அந்த இரண்டு சொல் அந்த அக்காவுக்காகவே போட்டது போல இருக்கும். சட்டத்தின் கீழ் வருகிற விதிகளும் படிவங்களும் ‘சட்டபூர்வமாகக் குடியிருப்பவரா’ என்று ஆரம்பிக்கும்போதுதான் பட்டா திரும்பவும் உள்ளே நுழைகிறது.

சரி, கூடலூர், பந்தலூரில் மட்டும் ஏன் இத்தனை பேரிடம் பட்டா இல்லை? சோம்பலால் வாங்காமல் விட்டதில்லை. இந்தப் பக்கத்து நிலம் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, இருந்தது. மலபார் வழக்கப்படி ஜென்மி குத்தகைக்கு விடுவார். எஸ்டேட் கம்பெனிகள் அப்படித்தான் வந்தன. 1969-ல் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் போட்டு, 1974-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜென்மிக்கு ஒரு பிரிவு, குத்தகைக்காரருக்கு ஒரு பிரிவு, உழுதுகொண்டிருந்தவருக்கு ஒரு பிரிவு என்று 8, 9, 10-வது பிரிவுகளில் பட்டா தர வழி வைத்தார்கள். எஸ்டேட்டுகளின் குத்தகை நிலம் 17-வது பிரிவில் போய் விழுந்தது. வழக்கு, மேல் வழக்கு, சர்வே தகராறு என்று அது அரை நூற்றாண்டாக அங்கேயே கிடக்கிறது. எங்கள் ஊரில் ‘செக்‌ஷன் 17’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட “வீடு செக்‌ஷன் 17-லயா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

அதன் மேல் இன்னொரு அடுக்கு. 1995-ல் அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, அகராதிப் பொருளில் காடு என்றால் எதுவோ அதெல்லாம் காடுதான், யார் பேரில் இருந்தாலும் சரி, என்றது. இந்தியா முழுவதும் காட்டைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று அதைச் சொல்வார்கள், அது உண்மை. மாசற்ற சூழலும் 21-வது பிரிவின் உயிருக்குள்தான் அடங்குகிறது. ஆனால் அந்த வழக்கு எங்கள் ஊரில் பிறந்தது என்பதும், அதன் பிறகு ‘இது காடா, காடில்லையா’ என்று முடிவாகாத நிலத்தில் கம்பம் நடவே அதிகாரிகள் தயங்குகிறார்கள் என்பதும் வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஒரே பிரிவில் இருந்து கிளம்பிய இரண்டு உரிமைகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து மோதிக்கொள்கின்றன. யானை வழித்தடம் பற்றிய வழக்கும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இ-பாஸும் இதே குடும்பம்தான். இ-பாஸ் சுற்றுலா வருகிறவருக்கு ஒரு நாள் எரிச்சல். மீட்டர் இல்லாத வீட்டுக்கு அப்படி இல்லை.

அக்காவின் அப்பாவுக்குத் திரும்பி வருகிறேன். ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது 1948 டிசம்பர் 10. அதன் 15-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் ஒரு தேசத்தின் குடியுரிமை உண்டு, அதைத் தன்னிச்சையாகப் பறிக்கக்கூடாது என்கிறது. அதே 1948-ல்தான் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நிறுத்தியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆளைக் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். கணக்கில் வந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள்; டேன்டீ என்று இன்று நாம் சொல்கிற கழகம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு வீடு, குடிதண்ணீர், வைத்தியம், பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) எல்லாம் தர வேண்டியிருந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலைக்கான வீடு. எஸ்டேட்டுகளில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லயத்தை, அதாவது எஸ்டேட்டின் வரிசை வீட்டை, காலி செய்துவிட்டுப் போகிற அறுபது வயதுக்காரர் எங்கே போவார்? பக்கத்தில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஒரு குடிசை. அது செக்‌ஷன் 17. அந்த அக்காவின் வீடும் அப்படி வந்ததுதான்.

காட்டு நிலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு வேறு ஒரு கதவு உண்டு: 2006 வன உரிமைச் சட்டம். நான் படித்த சட்டங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதன் விதிகளில் 13-வது விதி. ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்கு எதெல்லாம் சாட்சி என்று அது பட்டியல் தருகிறது. வாக்காளர் அட்டை சாட்சி. ரேஷன் கார்டு சாட்சி. வீட்டு வரி ரசீது சாட்சி. வீடு, குடிசை, கிணறு, சுடுகாடு, கும்பிடுகிற கல், எல்லாம் சாட்சி. ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சி. அதாவது, ஜன்னலில் செல்லாத மஞ்சப்பை இங்கே செல்லும். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். முதலில் பேசுவது கலெக்டர் இல்லை, கிராம சபை. மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாளுக்குள் மேல் குழுவுக்குப் போகலாம்.

தமிழ்நாட்டில் இது ஓட ஆரம்பிக்கவே நாளாயிற்று. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பத்திரம் கொடுப்பது நின்றுபோனது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் பழங்குடி ஊர்களுக்குப் பத்திரங்கள் வரத் தொடங்கின. எட்டு வருஷம் என்பது ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாவது முடிக்கிற காலம்.

இதில் ஒரு முள்ளும் உண்டு. பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13-க்கு முன் அங்கே இருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். 1930-ல் அந்த அக்காவின் தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கூலி. ஆக, அந்தக் கதவு அவருக்கு இல்லை. பக்கத்துப் பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) இருக்கிற பணியர் குடும்பத்துக்கு உண்டு. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிற இரண்டு வீடுகளுக்கு இரண்டு சட்டம். பழங்குடிகளுக்கு நடந்த அநியாயத்தின் நீளம் வேறு, அதனால் அவர்களுக்குத் தனிச் சட்டம் சரிதான் என்பது என் கருத்து. ஆனால் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன சட்டம் என்பதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேருக்குத் தெரியாது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின் கம்பி, ரோடு என்று 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலம் தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ‘காடு, அதனால் ரோடு வராது’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் கேளுங்கள்.

ரோடு மலையில் சாதாரண விஷயம் இல்லை. கொடைக்கானல் மலையில் வெள்ளகவி ஊருக்குத் தலைமுறை தலைமுறையாக ஒற்றையடிப் பாதைதான் வழியாக இருந்தது. சீக்காளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்தன. கூடலூர்ப் பக்கமும் பிரசவ வலியோடு போர்வைத் தொட்டிலில் தூக்கி வரப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மூங்கிலைத் தோள் மாற்ற இரண்டு பேர், டார்ச் பிடிக்க ஒருத்தர். ஏழு பேர் கிடைக்காத ராத்திரியில் என்ன செய்வது? இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மலைக் கிராமத்து ஏழைகள் இதே கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதமாக எழுதினார்கள். அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், 1986-ல் உமேத் ராம் சர்மா வழக்கில் தீர்ப்பு வந்தது: மலைவாசிகளுக்கு ரோடு என்பது உயிரோடு சேர்ந்த விஷயம். பணம் எவ்வளவு ஒதுக்குவது என்பதில் அரசின் கையைக் கோர்ட்டு அதிகம் கட்டவில்லை; ஆனால் ரோடு சலுகை இல்லை, உரிமை என்று ஆகிவிட்டது. சமவெளியில் உட்கார்ந்து எழுதிய சட்டத்தில் மலைக்காரனுக்கென்று வாய்த்த வாக்கியம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆளைப் பார்த்துச் சட்டம் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. உணவு உரிமை வழக்கு 2001-ல் தொடங்கியது. அதில் 2003 மே மாதம் உச்ச நீதிமன்றம், மிகவும் நலிந்த பழங்குடிக் குடும்பங்கள் அனைத்துக்கும் அந்தியோதயா அட்டை, அதாவது பரம ஏழைகளுக்கான ரேஷன் கார்டு, தரச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். மாதம் 35 கிலோ. அட்டை வாங்க வருமானச் சான்று, பட்டா, சிட்டா எதுவும் வேண்டாம். இன்ன சமூகம் என்பதே போதும். அந்த அரிசி ஊருக்கு வந்து சேர்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கைரேகை மெஷின் சில சமயம் மக்கர் செய்யும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை அது அடையாளம் காணாது; துடைத்துத் துடைத்து வைப்பார்கள், வேறு விரலை வைப்பார்கள், சிக்னல் போய்விடும், இன்னொரு நாள் வா என்பார்கள். ஆளைப் பார்க்கிற சட்டம் கடைசியில் விரலைப் பார்க்கிற மெஷினில் வந்து நிற்பது வேடிக்கைதான். ஆனாலும் ‘பட்டா இருக்கா’ என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். என்னிடம் மனு எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வாயால் சொன்ன ‘முடியாது’க்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதைத்தான். அதை எதிர்த்து எங்கும் போக முடியாது, எதிர்க்க எதுவுமே இல்லையே! மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில், ‘என் மனு யார் மேஜையில், எந்தக் காரணத்துக்காக நிற்கிறது’ என்று கேட்கலாம். 30 நாள் கெடு. இந்த ஒரு கேள்விக்கே பாதி மனுக்கள் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பது அடுத்த கவலை. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தலித், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். பெண் என்பதாலேயே அந்த அக்காவுக்கு அந்த உரிமை இருந்தது என்பது அவருக்கே தெரியாது. சென்னையில் இருக்கிற மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஆணையத்தின் பரிந்துரை வெறும் அறிவுரை இல்லை, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. மாவட்டந்தோறும் செஷன்ஸ் கோர்ட்டு ஒன்றை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கவும் 1993 சட்டத்தில் வழி உண்டு. நான் மனு எழுதித் தந்த யாரும் இதுவரை அந்தப் படியேறியதில்லை.

அக்காவின் மனுவை இரண்டாம் முறை இப்படித்தான் எழுதினோம். பட்டா என்ற சொல்லையே போடவில்லை. 43-வது பிரிவு, குடியிருப்பவர், வீட்டு வரி ரசீது எண்கள், சமேலி சிங் தீர்ப்பு, கடைசி வரியில் ‘மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்’. அதே ஜன்னல், அதே ஆள். கடைசி வரியில் வந்து கண் நின்றது. எழுந்து உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, நகலில் முத்திரை குத்தி, தேதி போட்டு, நீட்டினார்.

“ஒரு மாசம் கழிச்சு வந்து பாருங்கம்மா.”

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, வரி ரசீதுக் கட்டின் மேலே வைத்தார்.